எந்தச் சனிக்கிழமை அப்பாவிடம்?

பேசி முடித்துப் பிரியும் தம்பதிகள் குடும்பநல நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுக்களில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: ‘குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், இருவருக்கும் வசதியான நேரங்களில் தந்தை பார்த்துக்கொள்ளலாம்.’ கையெழுத்துப் போடும் அன்றைக்குப் பெருந்தன்மையாகத் தெரியும் வரி. வழக்கு முடிந்தால் போதும் என்ற களைப்பில் இருவரும் தலையாட்டிவிடுவார்கள். அடுத்த மாதமே அந்த ‘வசதி’ யாருடையது என்ற கேள்வி கிளம்பும். அவர் ஞாயிறு கேட்பார். அன்றைக்குத்தான் பாட்டி வீட்டில் விசேஷம் என்பார் இவர். இரண்டு முறை இப்படித் தட்டிப்போனால் மூன்றாவது முறை வக்கீல் நோட்டீஸ் வரும்.

சந்திப்பு அட்டவணை நல்லதா என்று பார்க்க நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஆளுக்கொரு பிரதி கையில் இருந்தால், பெற்றோர் இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே மூன்று மாதம் ஓட்ட முடிய வேண்டும். பேசிக்கொள்கிற நிலைமை இருந்தால் நல்லது, ஆனால் அட்டவணை அதை நம்பி நிற்கக் கூடாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த வாசல், யார் கூட்டிப்போவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டதை எல்லாம் பிற்பாடு குழந்தையை நடுவில் நிறுத்திக்கொண்டுதான் பேசித் தீர்க்க வேண்டிவரும்.

சட்டம் எவ்வளவு சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-வது பிரிவு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. 13-வது பிரிவு, யார் என்ன உரிமை கோரினாலும் குழந்தையின் நலனே முதன்மையானது என்கிறது. மத வேறுபாடில்லாமல் பயன்படும் 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், விவரம் தெரிந்த வயதுக் குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஆனால் மாதத்தில் எத்தனை நாள், எந்தச் சனிக்கிழமை என்று எந்தச் சட்டமும் சொல்லாது. இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் கொடுத்த 257-வது அறிக்கையில், கூட்டுப் பொறுப்பு, சந்திப்பு நேரம், தாத்தா பாட்டிக்கான நேரம் எல்லாவற்றுக்கும் வழிகாட்டுதல்களைப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டம் கிடையாது. ஆக, அட்டவணையின் உள்ளடக்கம் பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்கிறது. அவர்கள் எழுதாவிட்டால், வரிசையில் பல வழக்குகளை வைத்துக்கொண்டிருக்கும் நீதிபதி எழுதுவார். அந்தக் குழந்தைக்குச் சனிக்கிழமை காலையில் கராத்தே வகுப்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி வரும் உதாரணங்களில் குழந்தை அம்மாவோடு வசிப்பதாகவும் அப்பா வந்து கூட்டிப்போவதாகவும் வைத்துக்கொள்கிறேன். மாறி இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதலில் பார்க்க வேண்டியது வயது. கைக்குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் நினைவு குட்டையானது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து முழு நாள் தூக்கிவைத்திருக்கும் அப்பா ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் தெரிவார். அந்த வயதில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒரு மணியோ இரண்டு மணியோ, குழந்தைக்குப் பழகிய இடத்திலேயே பார்ப்பது பலன் தரும். தூக்க நேரத்தையும் பால் நேரத்தையும் கலைக்காத வேளையாக இருந்தால் அழுகை குறையும். மூன்று வயதுக்கு மேல் பகல் முழுக்க வெளியே போகலாம், பிறகு ஒரு இரவு. இந்த ஏற்றத்தை அட்டவணையிலேயே எழுதிவிடலாம்: முதல் ஆறு மாதம் பகல் மட்டும், அடுத்த ஆறு மாதம் மாதத்துக்கு ஓர் இரவு, அதன் பிறகு இரண்டு. ஒவ்வொரு படிக்கும் புது மனு போட வேண்டியிருக்காது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வார இறுதி பொருந்தும். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு டியூஷன், நண்பர்கள், பொதுத்தேர்வு என்று சொந்தமாக ஒரு அட்டவணை இருக்கும். அங்கே பெற்றோரின் அட்டவணைதான் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும்.

அடுத்து, நேரம் மொத்தமாக எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை என்பது பலரும் கேட்டுப் பழகிய ஏற்பாடு. வருடத்துக்கு 24 ஞாயிறு, ஒவ்வொன்றும் ஏழு மணி நேரம், ஆக 168 மணி நேரம். அதாவது சரியாக ஒரு வாரம். பன்னிரண்டு மாதத்தில் ஒரு வாரம் மட்டும் பார்க்கும் அப்பாவுக்குக் குழந்தையை மாலுக்கும் சினிமாவுக்கும் கூட்டிப்போகத்தான் தெரியும். வீட்டுப்பாடம் சொல்லித் தரவோ, சாப்பிட அடம்பிடித்தால் சமாளிக்கவோ சந்தர்ப்பமே வாய்க்காது. அம்மா மட்டும் கண்டிப்பானவர், அப்பா மட்டும் ஐஸ்கிரீம் என்று ஆகிப்போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஒன்றுவிட்ட வாரம் சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை என்றால் வருடத்தில் 26 இரவுகள் கிடைக்கும். நடு வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் சேர்த்தால் அந்தப் பதினைந்து நாள் இடைவெளியும் உடையும். இரண்டு வீடும் ஒரே ஊரில் இருந்து, போக்குவரத்தில் பிள்ளை வாடாது என்றால் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

‘ஒன்றுவிட்ட வாரம்’ என்று எழுதுவதா, ‘இரண்டாவது, நான்காவது சனி’ என்று எழுதுவதா? சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பெரிய சண்டைகள் இங்கிருந்துதான் வருகின்றன. ஒன்றுவிட்ட வாரம் என்றால் இடைவெளி எப்போதும் பதினான்கு நாள். ஆனால் கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது இது யார் முறை என்று எண்ணிக்கை குழம்பும். அதற்கு ஒரு தொடக்கத் தேதியைக் குறித்து, விடுமுறையிலும் எண்ணிக்கை நிற்காமல் ஓடும் என்று எழுத வேண்டும். இரண்டாவது, நான்காவது சனி என்றால் காலண்டரைப் பார்த்தாலே போதும். வங்கிகளுக்கு அந்த இரண்டு சனிக்கிழமையும் விடுமுறை என்பதால் வங்கி ஊழியர்களுக்கு இது வசதி. குறை என்னவென்றால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் இடைவெளி மூன்று வாரமாக நீளும். 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நான்கும் அப்படிப்பட்டவை. ஐந்தாவது சனி யாருக்கு என்று அப்போதே எழுதிவிடலாம். இன்னொன்று, ‘இரண்டாவது வார இறுதி’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். 2026 பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்தின் இரண்டாவது ஞாயிறு 8-ஆம் தேதி, இரண்டாவது சனி 14-ஆம் தேதி. இவர் ஒன்றைச் சொல்வார், அவர் இன்னொன்றைச் சொல்வார், இரண்டுமே சரியாக இருக்கும்.

எழுதிப் பார்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்: ‘ஒவ்வொரு மாதமும் இரண்டாவது மற்றும் நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாய் வசிக்கும் குடியிருப்பின் பிரதான வாசலில் தந்தை குழந்தையை அழைத்துக்கொள்வார். மறுநாள் ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே வாசலில் கொண்டுவந்து விடுவார். தந்தை வர இயலாவிட்டால் அவருடைய தாய் அல்லது சகோதரி மட்டும் வரலாம். அரை மணி நேரம்வரை தாமதத்துக்குக் காத்திருக்கப்படும். வர முடியாத வாரத்தை வியாழன் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும்.’ அழகான தமிழ் இல்லைதான். ஆனால் ஒரு வாரத்துக்கு எழக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதில் பதில் இருக்கிறது.

ஒப்படைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிந்தவர்கள் நேருக்கு நேர் சந்திக்கும் தருணம் அதுதான். பழைய பாக்கியெல்லாம் அங்கேதான் வெளிவரும். குழந்தைக்கு அந்த ஐந்து நிமிடமே அந்த வார இறுதியின் ருசியைத் தீர்மானிக்கும். இருவரும் சந்திக்கவே தேவையில்லாத ஓர் ஏற்பாடு உண்டு. வெள்ளி மாலை பள்ளி விட்டதும் அப்பா அங்கிருந்தே கூட்டிப்போவது, திங்கள் காலை பள்ளியிலேயே விடுவது. இதற்குப் பள்ளியில் யார் யார் அழைத்துப்போகலாம் என்ற பட்டியலில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும், உத்தரவின் நகலை வகுப்பாசிரியரிடமோ அலுவலகத்திலோ கொடுத்துவைக்க வேண்டும். பள்ளி ஒத்துவராவிட்டால் குடியிருப்பு வாசல், தாத்தா பாட்டி வீடு, இருவருக்கும் பொதுவான ஒரு உறவினர் வீடு என்று பார்க்கலாம். கசப்பு மிக அதிகமான வழக்குகளில் நீதிமன்ற வளாகத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. வாய்தாவுக்கு வந்தவர்களும் போலீஸ்காரர்களும் நடமாடும் இடத்தில் ஒரு ஐந்து வயதுக் குழந்தை அப்பாவோடு செஸ் விளையாட முடியாது. அதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் வைத்து, வெளியே மாறுவதற்கு ஒரு கெடுவும் எழுதிக்கொள்வது நல்லது.

பையைப் பற்றியும் எழுதுங்கள். மருந்து, மூக்குக் கண்ணாடி, பள்ளி டைரி, அடையாள அட்டை இவை குழந்தையோடு போய் குழந்தையோடு திரும்பும். உடைகளுக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனி செட் இருந்துவிட்டால், அந்த நீலச் சட்டை எங்கே என்ற விசாரணை நடக்காது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ‘உடம்பு சரியில்லாவிட்டால் சந்திப்பு ரத்து’ என்று பொதுவாக எழுதினால், காய்ச்சல்கள் சனிக்கிழமை பார்த்து வரத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம், விட்டுப்போன நாளை அடுத்த வாரம் ஈடு செய்யலாம் என்று எழுதினால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஈடு செய்யும் நாள் என்ற ஏற்பாடு அம்மாவின் காரணத்தால் தவறும் நாட்களுக்கும் பொருந்த வேண்டும். அப்பாவே வராமல் போனதற்கு ஈடு தேவையில்லை என்பது என் கருத்து. வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு காத்திருந்த பிள்ளைக்கு அந்த நாள் திரும்ப வரப்போவதில்லை.

பண்டிகைக்கு வருவோம். தீபாவளி ஒரு வருடம் இவரிடம், மறு வருடம் அவரிடம், பொங்கலும் அப்படியே. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானோர் ‘2026-இல் பொங்கல் அப்பாவிடம், தீபாவளி அம்மாவிடம், 2027-இல் மாற்றிக்கொள்வோம்’ என்று எழுதுவார்கள். பார்த்தால் ஆளுக்கொன்று. ஆனால் காலண்டரில் ஓட்டிப் பாருங்கள்: 2026 தீபாவளி அம்மாவிடம், இரண்டே மாதத்தில் வரும் 2027 பொங்கலும் அம்மாவிடம். பிறகு அம்மாவுக்கு அடுத்த பெரிய பண்டிகை 2028 தீபாவளிதான், நடுவில் இருபது மாதத்துக்கு மேல் இடைவெளி. அப்பாவுக்கும் அவர் முறையில் இதே கதி. அதற்குப் பதிலாக ஒரே காலண்டர் வருடத்தின் பொங்கலையும் தீபாவளியையும் ஒருவருக்கே கொடுத்தால், தீபாவளியைத் தவறவிட்டவருக்கு அடுத்த பொங்கல் கிடைத்துவிடும், இடைவெளியும் பதினைந்து மாதத்தைத் தாண்டாது. கேட்க அநியாயமாகத் தோன்றும் ஏற்பாடுதான் நடைமுறையில் சரிசமமாக வருகிறது.

சில குடும்பங்களுக்கு மாற்றி மாற்றி வைப்பதே பொருந்தாது. அப்பாவின் ஊரில் மாட்டுப் பொங்கலுக்குத்தான் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் கூடுவார்கள் என்றால், பொங்கலை எப்போதும் அங்கே கொடுத்துவிட்டு தீபாவளியை எப்போதும் அம்மாவிடம் வைக்கலாம். ரம்ஜான், கிறிஸ்துமஸ், குலதெய்வக் கோயில் கொடை, தாய்மாமன் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: பிள்ளைக்கு அந்த நாளில் யார் யார் கிடைப்பார்கள்? பிறந்தநாளை இரண்டாக வெட்டாதீர்கள். அன்று இருப்பவர் கொண்டாடட்டும். மற்றவர் அடுத்த சந்திப்பில் இன்னொரு கேக் வெட்டினால் எந்தக் குழந்தையும் கோபித்துக்கொள்ளாது. பண்டிகை நாள் சாதாரண சனிக்கிழமையோடு மோதினால் பண்டிகை ஏற்பாடே செல்லும் என்று ஒரு வரி அவசியம்.

கோடை விடுமுறையைப் பாதிப் பாதி என்று எழுதினால் போதாது. எந்தப் பாதி, எப்போது தொடங்கும்? கடைசித் தேர்வுக்கு மறுநாள் காலை தொடக்கம், பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், தேதிகளுக்குப் பள்ளியின் சுற்றறிக்கையே ஆதாரம் என்று எழுதலாம். புத்தகத்துக்கு அட்டை போடவும் சீருடை தைக்கவும் அந்த ஐந்து நாள் வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஒரே மூச்சில் இருபது நாள் அதிகம். வாரம் வாரமாகப் பிரியுங்கள். காலாண்டு விடுமுறை ஒருவருக்கு, அரையாண்டு விடுமுறை மற்றவருக்கு என்பது எளிமையான ஏற்பாடு.

அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில் இருந்தால் வார இறுதிப் பேச்சுக்கே இடமில்லை. யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், குழந்தையை உடன் வைத்திருக்க முடியாத பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையோடு பேசும் உரிமை வேண்டும் என்றது. வீடியோ அழைப்பையும் குறிப்பிட்டது. அதை எழுதும்போது கடிகாரத்தைப் பாருங்கள். இங்கே இரவு ஏழரை என்றால் துபாயில் மாலை ஆறு, சிங்கப்பூரில் இரவு பத்து. குவைத்திலும் சவூதியிலும் வாரவிடுமுறை வெள்ளி, சனி. அங்கே வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஞாயிறு பகல் என்று எழுதினால் அவர் அலுவலகத்தில் இருப்பார். அழைப்பு எந்த எண்ணுக்கு வரும், போனைக் குழந்தையிடம் யார் கொடுப்பது, பேசும்போது பக்கத்தில் யாரும் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஊருக்கு வரும் விடுமுறையின் தேதிகளை இத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒரு வரி. குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக இருவர் சம்மதமும் கேட்பார்கள். அதனால் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு யார் அனுமதி தேவை என்பதையும் விட்டுவிடக் கூடாது.

பணத்தை இந்தக் காகிதத்தில் கலக்காதீர்கள். ஜீவனாம்சம் வரவில்லை என்றால் அதற்குத் தனியாக வழி இருக்கிறது. அதற்காகப் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாது. பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் கட்ட மாட்டேன் என்பதும் செல்லாது. இரண்டுமே குழந்தைக்குச் சேர வேண்டியவை.

இதுவரை சொன்னது எல்லாம் இரண்டு வீடும் குழந்தைக்குப் பாதுகாப்பானவை என்ற நிலையில்தான். அடி உதை, குடிபோதை, பாலியல் தொல்லை இருந்த இடத்தில் சமமாகப் பிரிக்கும் பேச்சே எழக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாக மனுதாரரின் பொறுப்பில் கொடுக்கலாம். சந்திப்பு குழந்தைக்குக் கேடு என்று கருதினால் மறுக்கவும் செய்யலாம். மூன்றாம் நபர் ஒருவர் உடனிருக்கும் சந்திப்பு இதற்கு நடுவழி. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய உதவி எண்கள் இதற்கும் உண்டு.

எழுதி முடித்ததை என்ன செய்வது? வெள்ளைத்தாளில் இருவர் கையெழுத்தோடு பீரோவில் வைத்தால், ஒருவர் மீறும்போது மற்றவர் கையில் பெரிய பிடி ஏதும் இருக்காது. குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்துக்கு உட்பட்ட குடும்பநல நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்து, உத்தரவின் பகுதியாக்கிக்கொள்ள வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமரசத்துக்கு முதலில் முயல்வது குடும்பநல நீதிமன்றத்தின் கடமை. அங்குள்ள ஆலோசகரிடமே வரைவைக் காட்டித் திருத்தலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. அப்படிப்பட்ட மையங்களில் உட்கார்ந்தும் எழுதலாம். பிறகு ஒருவர் மீறினால், வாசலில் நின்று சத்தம் போடாமல், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று குறித்துவைத்து அதே நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

உத்தரவாகிவிட்டால் கல்லில் செதுக்கியது போல ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், குழந்தைப் பொறுப்பு குறித்த உத்தரவுகள் குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றக்கூடியவையே என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. ஆறாம் வகுப்புக்கு முன்பும் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பும் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம் என்று அட்டவணையிலேயே எழுதிக்கொள்ளலாம். ஒரு வாரம் மட்டும் நாளை மாற்றிக்கொள்ள வாட்ஸ்அப்பில் இருவரும் ஒப்புக்கொண்டாலே போதும். நிரந்தரமாக மாற்றுவதென்றால் இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாக நீதிமன்றத்தில் கொடுத்துவிடுங்கள்.